ஒரு மின்காந்தமும் மூன்று வாரமும்: நான் பட்ட பாடு

பள்ளி இறுதியாண்டுச் செய்முறைத் திட்டத்துக்கு "மின்காந்தத்தின் வலிமை எவற்றைப் பொறுத்தது?" என்ற தலைப்பை எடுத்தபோது, பட்டியலில் இருந்ததிலேயே சுலபமானது நமக்குக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆணியில் கம்பியைச் சுற்ற வேண்டும், பேட்டரியில் இணைக்க வேண்டும், எத்தனை குண்டூசி ஒட்டுகிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதானே! விடையும் முன்பே தெரியும். சுற்று கூடினால் வலிமை கூடும், மின்னோட்டம் கூடினால் கூடும், நடுவில் இரும்பு இருந்தால் இன்னும் கூடும். ஒரு வாரத்தில் முடித்துவிட்டு மற்ற பாடங்களைப் படிக்கலாம் என்று திட்டம். மூன்று வாரம் ஓடிவிட்டது. இரண்டு சுருள் செம்புக் கம்பி, ஒரு டஜனுக்கு மேல் பேட்டரி, மல்டிமீட்டரின் ஃப்யூஸ் எல்லாம் கைக்காசில் போயின. ஆள்காட்டி விரலில் கொப்புளம் வேறு. நடுவில் இரண்டு முறை தலைப்பையே மாற்றிவிடலாமா என்று அழுதிருக்கிறேன். கேட்க ஆளில்லை. பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம், அதில் எல்லாமே ஒழுங்காக நடக்கும். நடக்காதபோது என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதல் நாள் மாலை காந்தமே வரவில்லை. நான் வாங்கியது 0.4 மில்லிமீட்டர் எனாமல் கம்பி, மோட்டாருக்குச் சுற்றுவார்களே அது. பார்த்தால் வெறும் செம்பு போலத்தான் இருக்கும். மேலே இருக்கும் மெல்லிய பூச்சு மின்சாரத்தை விடாது என்பது தெரியாமல், முனையை அப்படியே பேட்டரியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உப்புத்தாளால் முனையில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுற்றிலும் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் போதாது. நான் சுற்றிய 100 சுற்றின் மொத்த மின்தடையே 0.36 ஓம்தான். அரைகுறையாகச் சுரண்டிய முனையும் தளர்ந்த கிளிப்பும் சேர்ந்தால் அந்த அளவு மின்தடை அங்கேயே வந்துவிடும். அதன்பின் நீங்கள் அளப்பது சுருளையா, கிளிப்பையா என்றே தெரியாது.

சுரண்டியபின் வேலை செய்தது. 8 மில்லிமீட்டர் தடிமனும் 8 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு போல்ட், ஒரு டபுள் ஏ பேட்டரி. 50 சுற்றில் 7 குண்டூசி ஒட்டியது. 100 சுற்றுக்கு 14 வரும் என்று எதிர்பார்த்தேன், 11 வந்தது. 150 சுற்றுக்கு 12. 200 சுற்றுக்கு மறுபடி 11. சுற்று நான்கு மடங்கு ஆகியிருக்கிறது, காந்தம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

என் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. கம்பியில் செய்த தவறைவிட, மனதுக்குள் செய்த இந்தத் தவறுதான் அதிக நாட்களைத் தின்றது. மேல்வகுப்புப் புத்தகம் ஒன்றில் "காந்தத் தெவிட்டுநிலை" பற்றிப் படித்தேன். இரும்புக்குள் இருக்கும் குட்டிக் குட்டிக் காந்தக் களங்கள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிட்டால், அதற்குமேல் இரும்பால் காந்தத்தைக் கூட்ட முடியாது. உண்மையான விஷயம்தான். என் வரைபடமும் புத்தகத்தில் இருந்த வரைபடம் மாதிரியே வளைந்திருந்தது. உடனே அந்த விளக்கத்தை எடுத்து ஒட்டி, இரண்டு பக்கம் எழுதி, படமும் வரைந்துவிட்டேன். நான்கு நாள் அந்த நிம்மதியில் கழிந்தன. வரைபடம் ஒரே மாதிரி இருந்தால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நான் நம்பிவிட்டேன். தயவுசெய்து நீங்கள் நம்பாதீர்கள்.

அந்த நிம்மதியைக் கலைத்தது ஒரு தற்செயல். படம் எடுப்பதற்காக 50 சுற்றுச் சுருளை மறுபடி அதே பேட்டரியில் மாட்டினேன். முதல் நாள் 7 ஊசி தூக்கியது அன்று 4 ஊசிதான் தூக்கியது. சுற்று அதேதான், போல்ட் அதேதான். தெவிட்டுநிலை என்றால் 200 சுற்றில் நின்றுபோகலாம், 50 சுற்றில் எப்படிக் குறையும்? அன்றைக்கு வயிற்றைக் கலக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எழுதி வைத்த இரண்டு பக்கமும் தப்பு என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. எது சரி என்று மட்டும் தெரியவில்லை.

முதலில் குண்டூசிமேல் சந்தேகம் வந்தது. எதையும் மாற்றாமல், புதுப் பேட்டரி போட்டு, 100 சுற்றுச் சுருளைப் பத்துமுறை ஊசிக் குவியலில் முக்கி எடுத்தேன். 9 முதல் 15 வரை எல்லா எண்ணும் வந்தது. ஊசி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொத்தாக வரும். ஒருமுறை ஒட்டிய ஊசி தானே சின்னக் காந்தமாகிவிடும், அடுத்தமுறை பக்கத்து ஊசியையும் இழுத்துக்கொண்டு வரும். 11-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஆகவே எந்த முடிவும் எழுதுவதற்கு முன்னால், ஒன்றையும் மாற்றாமல் ஒரே அளவீட்டைப் பத்துமுறை எடுத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே எண்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று தெரியும். அந்த ஆட்டத்தைவிடச் சிறிய வித்தியாசத்தை நம்பி எதையும் எழுதக் கூடாது.

அடுத்து மின்னோட்டத்தை அளக்கலாம் என்று தோன்றியது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மல்டிமீட்டரில் சிவப்பு வயரைச் செருக இரண்டு துளைகள் உண்டு. ஒன்று மில்லிஆம்பியருக்கு, மற்றொன்று 10 ஆம்பியருக்கு. ஒரு சின்னப் பேட்டரிதானே என்று மில்லிஆம்பியர் துளையில் செருகினேன். ஒரு கணம் எண் மின்னியது, பிறகு பூஜ்யம். உள்ளே ஃப்யூஸ் போய்விட்டது என்பது எனக்குத் தெரியவில்லை. சுருளில்தான் கம்பி எங்கோ அறுந்துவிட்டது என்று நினைத்து, 200 சுற்றையும் பிரித்து, விரலால் தடவித் தடவி அறுந்த இடத்தைத் தேடினேன். பிரித்த கம்பி முறுக்கிக்கொண்டு, எனாமல் பல இடத்தில் உரிந்து, மறுபடி சுற்ற லாயக்கில்லாமல் போனது. இரண்டு நாளும் முதல் சுருள் கம்பியும் அதிலேயே தீர்ந்தன. எப்போதும் 10 ஆம்பியர் துளையில் தொடங்குங்கள். அதையும் சில நொடிகளுக்குமேல் வைக்காதீர்கள், பெரும்பாலான சிறு மீட்டர்களில் அந்த வரம்பு முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். பூஜ்யம் காட்டினால் சுருளைப் பிரிக்கும் முன், மீட்டரைக் கழற்றிவிட்டுச் சுருளை நேராகப் பேட்டரியில் தொட்டு ஒரு ஊசி ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் கோளாறு மீட்டரில்தான்.

ஃப்யூஸ் மாற்றி, புதுக் கம்பியில் மறுபடி சுற்றி, ஒவ்வொரு சுருளுக்கும் புதுப் பேட்டரி போட்டு அளந்தேன். 50 சுற்றில் 3.1 ஆம்பியர். 100 சுற்றில் 2.3. 150 சுற்றில் 1.8. 200 சுற்றில் 1.4. இந்த நான்கு எண்ணையும் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் சுற்றை மட்டும் மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்று கூடக் கூடக் கம்பி நீளுகிறது, மின்தடை கூடுகிறது, மின்னோட்டம் இறங்குகிறது. காந்தத்தை உண்டாக்குவது சுற்றும் மின்னோட்டமும் சேர்ந்த பெருக்கல் தொகை, ஆம்பியர்-சுற்று என்பார்கள். அதைக் கணக்கிட்டால் 155, 230, 270, 280. தட்டையாகிக்கொண்டே போகிறது. என் வளைவு இரும்பால் வந்ததல்ல, ஓம் விதியால் வந்தது.

இன்னொரு படி மேலே போய்த் தாளில் போட்டுப் பாருங்கள். பேட்டரிக்கு உள்மின்தடையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு இவ்வளவு மின்தடை என்றால், சுற்று இரண்டு மடங்கானால் மின்தடையும் இரண்டு மடங்கு, மின்னோட்டம் பாதி. பெருக்கினால் அதே தொகை! ஒரே கம்பி, ஒரே மின்னழுத்தம் என்றால், சுற்றிக்கொண்டே போனாலும் காந்தம் கூடாது. பேட்டரி சூடாகாமல் நீண்டநேரம் வரும், அவ்வளவுதான் ஆதாயம். சாதாரணப் பேட்டரியில் கொஞ்சம் கூடுவது, அதன் உள்மின்தடை முதலில் பெரிய பங்கைத் தின்றுகொண்டிருப்பதால். "சுற்று கூடினால் வலிமை கூடும்" என்ற பாடப்புத்தக வாக்கியத்துக்குமுன் "மின்னோட்டம் மாறாமல் இருந்தால்" என்ற மூன்று சொல்லை யாராவது தடித்த எழுத்தில் போட்டிருந்தால் என் பத்து நாள் மிஞ்சியிருக்கும்.

மனம் நொந்திருந்த அந்த வாரத்தில் எனக்குத் தெம்பு தந்தது பழைய வரலாறு. மின்னோட்டம் திசைகாட்டி முள்ளைத் திருப்புகிறது என்று 1820-ல் எர்ஸ்டெட் கண்டார். 1825-ல் வில்லியம் ஸ்டர்ஜன், குதிரைலாட வடிவில் வளைத்த ஏறக்குறைய 200 கிராம் இரும்பில் வார்னிஷ் பூசி, வெறும் செம்புக் கம்பியை 18 சுற்றுச் சுற்றி, 4 கிலோவைத் தூக்கிக் காட்டினார். கம்பிக்குக் காப்பு இல்லாததால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. ஜோசப் ஹென்றி இரும்பை விட்டுவிட்டுக் கம்பிக்கே பட்டுநூலால் காப்புப் போட்டார். அதனால் நெருக்கமாக, அடுக்கு அடுக்காகச் சுற்ற முடிந்தது. அதோடு, நான் முட்டிக்கொண்ட சுவரில் அவரும் முட்டிக்கொண்டிருக்கிறார். ஒரே மின்கலம் இருக்கும்போது ஒற்றை நீண்ட கம்பியைச் சுற்றிக்கொண்டே போவதில் பயனில்லை, பல குட்டைச் சுருள்களைச் சுற்றி ஒவ்வொன்றையும் மின்கலத்தோடு இணையாகச் சேர்ப்பதே நல்லது என்று கண்டார். நீளச் சுருள்தான் வேண்டுமென்றால் பல மின்கலங்களைத் தொடராக அடுக்க வேண்டும். 1831-ல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த மின்காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. என் மேசையில் நடந்த குழப்பம், இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவருக்கே ஒரு கேள்வியாக இருந்திருக்கிறது என்று படித்தபோது அழுகை நின்றது.

தெம்பு வந்ததும் அவசரமும் வந்தது. மின்னோட்டம்தானே குறைகிறது, பெரிய பேட்டரி போட்டால் போகிறது என்று 6 வோல்ட் சீல்டு பேட்டரி ஒன்றை 200 சுற்றுச் சுருளில் நேராக இணைத்தேன். சுருளின் மின்தடை 0.75 ஓம், அப்படியானால் 8 ஆம்பியர், 48 வாட் வெப்பம். கட்டைவிரல் அளவு இடத்தில்! இந்தக் கணக்கை நான் போட்டது கொப்புளத்துக்கு மருந்து தடவிய பிறகு. ஒரு நிமிடத்துக்குள் எனாமல் கருகிய வாடை, பிறகு புகை. பதறிப்போய்க் கிளிப்பைப் பிடுங்கும்போது பொறி பறந்தது, விரல் சுருளில் பட்டது. சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால் அது நிற்க மறுத்து, விலகும் முனைகளுக்கு நடுவே தாவப் பார்க்கும். அந்தப் பொறி அதனால்தான். வயரைப் பிடுங்காமல் சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி முனையிலேயே ஒரு ஃப்யூஸும் இருக்கட்டும். லித்தியம் பேட்டரியை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். இன்னொன்று, கருகிய சுருள் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், காந்தமும் வரும். ஆனால் உள்ளே எனாமல் போன இடங்களில் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்குவழி போட்டிருக்கும். 200 சுற்று என்று நீங்கள் எழுதுவீர்கள், வேலை செய்வது 120 சுற்றாக இருக்கலாம். சந்தேகமிருந்தால் சுருளின் இரு முனைக்கிடையே உள்ள மின்னழுத்தத்தை, ஓடும் மின்னோட்டத்தால் வகுத்து மின்தடையைப் பாருங்கள். மல்டிமீட்டரின் ஓம் அளவையில் இவ்வளவு சிறிய மின்தடை சரியாகத் தெரியாது, அதன் வயர்களின் மின்தடையும் சேர்ந்துவிடும். என் கருகிய சுருள் பாதிதான் காட்டியது. இரண்டாவது கம்பியும் குப்பைக்குப் போனது.

மூன்றாம் வாரம் தொடங்கும்போது கையில் ஒரு நல்ல அளவீடுகூட இல்லை. அப்போதுதான் வெட்கத்தை விட்டு ஆய்வகத்தில் பவர் சப்ளை கேட்டேன். அதில் மின்னோட்ட வரம்பைத் திருகி வைக்கும் குமிழ் உள்ளது. 1 ஆம்பியரில் நிறுத்திவிட்டால் 50 சுற்றானாலும் 200 சுற்றானாலும் 1 ஆம்பியர்தான். அது கிடைக்காதவர்கள் தக்க அளவு ரியோஸ்டாட்டை (மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தொடரில் இணைத்து, ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்னும் அம்மீட்டரைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளலாம். வாகன விளக்கு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டாலும் 6 வோல்ட் பேட்டரி சுருளைக் கருக்காமல் காக்கும். எதைச் செய்தாலும் ஓரளவு மின்னோட்டம் போனதும் சுருள் சூடாகும், செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு ஏறும். 40 டிகிரி சூடானால் 16 விழுக்காடு. ஆகவே பத்து நொடி போட்டு, ஒரு நிமிடம் ஆறவிட்டு அளப்பது நல்லது.

குண்டூசிக்குப் பதில் எடை பார்க்கும் மின்னணுத் தராசை எடுத்தேன். தராசின்மேல் ஒரு மரக்கட்டை, அதன்மேல் தடித்த இரும்புத் தகடு. தகட்டுக்கு 2 மில்லிமீட்டர் மேலே, மரத்தாங்கியில் இறுகக் கட்டிய மின்காந்தம். மின்னோட்டம் போனதும் காந்தம் தகட்டை மேலே இழுக்கும், தராசில் எடை குறையும். எத்தனை கிராம் குறைகிறதோ அதுதான் இழுவிசை. எண்ண வேண்டியதில்லை, முக்க வேண்டியதில்லை, பத்துமுறை எடுத்தாலும் ஒரு கிராமுக்குமேல் மாறவில்லை. மரக்கட்டை 15 சென்டிமீட்டராவது உயரம் இருக்கட்டும். முதலில் நான் சின்னக் கட்டை வைத்தபோது, தகட்டை எடுத்துவிட்டாலும் தராசு எண் மாறியது. காந்தம் தராசின் உள்ளே இருக்கும் இரும்பையே இழுத்துக்கொண்டிருந்தது. தகடில்லாமல் ஒருமுறை மின்னோட்டம் கொடுத்துப் பார்த்து, எண் அசையவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே தொடங்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இன்னொரு இடி. சுவிட்சை அணைத்த பின்னும் எடை 2 கிராம் குறைவாகவே நின்றது. மின்னோட்டத்தின் திசையை மாற்றி மறுபடி 1 ஆம்பியர் கொடுத்தால் வேறு எண். போல்ட்டின் தலையைத் துடைத்துப் பார்த்தேன், 8.8 என்று பொறித்திருந்தது. கடினமாக்கிய எஃகு. கடினமான எஃகு ஏற்றுக்கொண்ட காந்தத்தைச் சுலபத்தில் விடாது, அதனால்தான் புத்தகங்கள் தேனிரும்பு, அதாவது மென்மையான இரும்பு, என்று சொல்கின்றன. முதல் வாரத்தில் நான் எடுத்த ஒவ்வொரு அளவீட்டிலும் அதற்கு முந்தைய அளவீட்டின் மிச்சம் கலந்திருக்கிறது! தலையில் 4.6 என்று பொறித்த, முலாம் பூசாத கறுப்பு போல்ட் ஒன்றை எடுத்தேன். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செக்கச் சிவக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் புதைத்து இரவு முழுக்க மெல்ல ஆறவிட்டேன். துத்தநாக முலாம் பூசிய பளபள போல்ட்டை இப்படிக் காய்ச்சாதீர்கள், அதிலிருந்து வரும் புகையைச் சுவாசித்தால் உடம்புக்குக் கெடுதல். காய்ச்ச வழியில்லாதவர்கள் ஒவ்வொரு அளவீட்டுக்கு இடையிலும் மின்னோட்டத்தைத் திசை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தராசு பழைய எண்ணுக்குத் திரும்பியதும் அடுத்த அளவீட்டை எடுக்கலாம். நான் இரண்டையுமே செய்தேன்.

இனி சரியாகத்தான் வரும் என்று மூன்றாவது கம்பியில் சுற்றினேன். 50 சுற்றுக்கு 3 கிராம், 100 சுற்றுக்கு 12, 150 சுற்றுக்கு 26. அடுத்த 50 சுற்றைப் போடும்போது கம்பி அறுந்தது. முனைகளைச் சுரண்டி முறுக்கி இணைத்து, டேப் ஒட்டி, மீதியைச் சுற்றி முடித்தேன். 200 சுற்றுக்கு வந்தது 12 கிராம். நொறுங்கிப் போனேன். சாப்பிடாமல் படுத்து, நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தபோதுதான் அந்த 12 எங்கேயோ பார்த்த எண் என்று உறைத்தது. 100 சுற்றுக்கு வந்த அதே 12. அறுந்த கம்பியை இணைத்தபின் கடைசி 50 சுற்றை எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறேன்! 150-ல் 50 கழிந்து 100 சுற்றாகவே அது வேலை செய்கிறது. அந்த நடுராத்திரியில் எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் முதல்முறையாக ஒரு தவறு தன் காரணத்தைத் தானே எண்ணால் சொன்னது. அடுக்கு மேலே போனாலும் கீழே வந்தாலும் கம்பி போல்ட்டைச் சுற்றும் திசை ஒன்றாகவே இருக்க வேண்டும். போல்ட்டின் தலைப்பக்கமிருந்து பார்த்து வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று ஒரு அம்புக்குறியை டேப்பில் வரைந்து ஒட்டிக்கொள்ளுங்கள். திரும்பச் சுற்றினேன், 45 கிராம்.

3, 12, 26, 45. சுற்று இரண்டு மடங்கானால் இழுவிசை இரண்டு மடங்கில்லை, நான்கு மடங்கு. முதலில் இதையும் தவறென்றே நினைத்தேன். காந்தப்புலம்தான் ஆம்பியர்-சுற்றுக்கு நேர்விகிதத்தில் வளரும். இரும்புத் தகடு தானாகக் காந்தம் அல்ல. அதைக் காந்தமாக்குவதும் சுருளின் புலம்தான், காந்தமான பிறகு இழுப்பதும் அதே புலம்தான். அதனால் விசை வர்க்கமாக வளர்கிறது. வர்க்கமூலம் எடுத்து வரைந்தேன்: 1.7, 3.5, 5.1, 6.7. அளவுகோல் வைத்தது போல நேர்க்கோடு. நீங்கள் எதை அளக்கிறீர்கள், புலத்தையா விசையையா என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். "வலிமை" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

என்னை ஏமாற்றிய தெவிட்டுநிலையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் போகவில்லை. 3 மில்லிமீட்டர் ஆணியில் 200 சுற்றுச் சுற்றி, மின்னோட்டத்தை அரை அரை ஆம்பியராக 2 ஆம்பியர் வரை ஏற்றினேன். 1 ஆம்பியருக்குமேல் கோடு வளையத் தொடங்கியது. 2 ஆம்பியரில் கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. நான் வைத்த மின்னோட்டத்தையே அம்மீட்டர் காட்டிக்கொண்டிருந்ததால், இம்முறை குற்றவாளி மின்னோட்டம் இல்லை. அதே ஆம்பியர்-சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் போல்ட் நேர்க்கோட்டிலேயே போனது. மெல்லிய ஆணிக்குள் புலம் நெருக்கியடித்துச் சீக்கிரம் இரும்பின் எல்லையைத் தொட்டுவிடுகிறது, சுத்த இரும்புக்கே அந்த எல்லை 2 டெஸ்லாவை (காந்தப்புலத்தின் அலகு) ஒட்டித்தான். தெவிட்டுநிலையைக் காட்ட விரும்புகிறவர்கள் மெல்லிய ஆணியை எடுங்கள். அதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள், சுருளுக்கு நடுவில் வைக்கும் இரும்பைத் தடித்ததாக எடுங்கள்.

தலைப்பில் யாரும் கேட்காத ஒரு காரணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரியது: இடைவெளி. யூ போல்ட் ஒன்றின் இரு முனைகளையும் அரத்தால் சமமாகத் தேய்த்து, ஒவ்வொரு காலிலும் 100 சுற்றுச் சுற்றினேன். இரண்டு துருவமும் ஒரே தகட்டைப் பிடிக்கும்படி வைத்து, சுருள்வில் தராசால் இழுத்துப் பிரித்தேன். 1 ஆம்பியரில் ஏறக்குறைய ஒரு கிலோ தாங்கியது. நடுவில் ஒரே ஒரு எழுதுதாளை வைத்தேன், பாதியாகிவிட்டது. நான்கு தாள் வைத்தபோது 150 கிராம்தான். ஒரு தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். காந்தப்புலம் இரும்பில் ஓடுவதைப் போலக் காற்றிலோ தாளிலோ ஓடாது. ஒரு துளித் துரு, கொஞ்சம் சாய்ந்த தகடு, ஒட்டிய தூசி எல்லாமே இடைவெளிதான். தகட்டை நேராக ஒட்டவைத்து அளந்தால் எண் ஒவ்வொரு முறையும் எகிறும். வேண்டுமென்றே இரண்டு தாளை நடுவில் வைத்துவிட்டால் விசை குறையும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே விசை வரும். ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் தேவை.

அறிக்கையில் முதல் அட்டவணையைக் கிழித்துப் போடாமல் முதல் பக்கத்திலேயே வைத்தேன். சுற்று, குண்டூசி எண்ணிக்கை என்ற இரண்டு பத்திக்குப் பக்கத்தில் "மின்னோட்டம்" என்று மூன்றாவது பத்தி ஒன்றைப் பின்னால் வரைந்து சேர்த்தேன், கட்டங்களைக் காலியாக விட்டேன். அளக்காததை நிரப்ப முடியாது. வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப அந்த முதல் பக்கத்துக்கு வந்து, காலிக் கட்டத்தில் விரலை வைத்து, "இது ஏன் இப்படி இருக்கிறது, சொல்" என்றார். மூன்று வாரத்தையும் சொல்லத் தொடங்கினேன்.